சீழ்க்கையடித்தவர் யார்?

2009ஆம் ஆண்டு துறை மாணவர்களை வால்பாறைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருந்த வேளை, விடுதியின் பின்புறமிருந்து சீழ்க்கையொலி எழுந்தது. பாடத் தெரியாத சிறுவனொருவன் இராகத்தைத் தேடித் தேடிச் சோம்பலாக ஊதுவது போன்ற ஒலி. சீட்டியடிப்பது நல்ல பிள்ளைக்கு அழகன்று எனக் கேட்டு வளர்ந்தவர் நாம். குறும்புக்குப் பேர்பெற்ற மாணவரொருவர் அப்பக்கமிருந்து வரவே, ஒரு வார்த்தையும் விசாரியாமல் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். "நானில்லை, ஐயா" என்றார். நாம் நம்பவில்லை.

விடிந்தபின் ஓடைக்கரைப் பாறையில் உண்மையான குற்றவாளியைக் கண்டோம். மைனாவினும் சற்றே பெரிய கருநீலப் பறவை, நெற்றியிலும் தோளிலும் மட்டும் ஒளிவிடும் நீலம், கறுத்த அலகு. மலபார் சீழ்க்கைப் பூங்குருவி! ஆங்கிலேயர் இதனைச் 'சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்றே அழைத்தனராம். ஏமாந்தவர் நாம் மட்டுமல்லர் என்பது ஆறுதலே. ஆயினும், அதற்காக ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தவர் நாமே.

2013இல் நைனிதால் சென்றபோது இதன் இமயத்து உறவினரைக் கண்டோம். உருவில் பெரியது, 30 செ.மீ.க்கு மேல், மஞ்சள் அலகு, உடலெங்கும் வெள்ளித்துகள் தூவினாற்போன்ற புள்ளிகள். நெற்றியில் அந்த நீலப்பட்டை இல்லை. ஓடையும் பாறையும், நத்தையும் நண்டும் பழமுமாகிய வாழ்க்கை இரண்டிற்கும் ஒன்றே. பாட்டில்தான் வேறுபாடு. நாம் கேட்ட இமயப் பறவையின் இனிய சீழ்க்கைக்கிடையே கரகரப்பும் கலந்திருந்தது. அதன் கூரிய அழைப்போ நீரின் இரைச்சலையும் கிழித்து வந்தது. ஆயினும் அதன் சீழ்க்கையையும் மனிதர் ஊதுவதென மயங்க இடமுண்டு. நைனிதாலில் விடுதி எடுத்திருந்தாலும் அம்மாணவர் தப்பியிருக்கமாட்டார்!

நெடுங்காலம் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்திருந்த இவ்விரண்டையும், மரபணு ஆய்வுகளின்பின் அறிஞர்கள் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டனர். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தம் கணிப்பை அச்சிலேயே திருத்திக்கொண்டார்கள். நாமோ அன்று காலைச் சிற்றுண்டியின்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒற்றை வாக்கியத்தைச் சொல்லவில்லை. பறவையைக் கண்ட செய்தியை மாணவர்களிடம் சுவைபடக் கூறினோம். கடிந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆசிரியர் என்னும் மிடுக்கு நாவைக் கட்டிற்று. அவரும் கேட்கவில்லை, கேட்கும் துணிவை நாம் விட்டுவைக்கவுமில்லை.

அவர் இன்று தமிழாசிரியர். இம்மலரின் படியொன்று அவர் பெயருக்குச் செல்கிறது. அன்று சீழ்க்கையடித்தவர் அவரல்லர்.