கரக்பூரில் ஓர் இஞ்சி ரொட்டி வீடு

மார்கழிப் பனி இறங்கியதும் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியர் இல்லங்களினின்று சுக்கும் பட்டையும் கலந்த மணம் வீசத் தொடங்கும். எங்கள் அண்டை வீட்டு மூதாட்டியார் கிறிஸ்துமஸ்தோறும் இஞ்சி ரொட்டியால் சிறு வீடொன்று அமைப்பார். ஜெர்மனியில் வேரூன்றிய வழக்கம் இது. 1812-இல் கிரிம் சகோதரர் வெளியிட்ட கதைத் தொகுதியிலும் ரொட்டி வீடு ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு குழந்தைகளுக்காக நாங்களும் முயன்றோம். சுவர்களை நிறுத்திய கையோடு கூரையை ஏற்றினோம், யாவும் சரிந்தன. குழந்தைகள் அழுதனர். அம்மையார் நகைக்கவில்லை, முறையைக் கற்பித்தார்.

முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மாவில் சோடா உப்பு மிகுந்தால் துண்டுகள் உப்பி அளவு மாறும். வெந்த துண்டுகளின் ஓரங்களைச் சூடு ஆறுமுன் சீவி நேராக்க வேண்டும். முட்டை வெண்கருவில் பொடித்த சர்க்கரையைக் கெட்டியாகக் குழைத்ததே சாந்து. சன்னல், மிட்டாய் அலங்காரங்களைச் சுவர் கிடக்கும்போதே ஒட்டிவிடுதல் எளிது. நிறுத்திய சுவர்கள் ஓரிரவு உலர்ந்த பின்னரே கூரை ஏறலாம். ஈரக் காற்றுப் பட்டால் ரொட்டி இளகிவிடும்.

அம்மையாரின் மக்கள் யாவரும் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டனர். “தாங்கள் யாருக்காக இதைக் கட்டுகிறீர்கள்?” என்று வினவினோம்.

“தெருவில் குழந்தைகள் இருக்கிறார்களே!” என்றார்.

இவ்வாண்டு எங்கள் வீடு நின்றது. குழந்தைகள் அதை அவர் இல்லத்துக்கே ஏந்திச் சென்றனர். கூரையை முதலில் உடைத்தவர் அவரே.