8 குச்சியா, 12 குச்சியா?

டி.வி. பெட்டி வாங்குவதைவிட அதற்கு ஏரியல் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாடு என்று, 1983-ல் தூத்துக்குடியில் குடித்தனம் நடத்திய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் அது எங்கள் ஊர்வரை எட்டவில்லை. எங்களுக்கு வாய்த்தது 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிதான். பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்து கடலைத் தாண்டி இலவசமாக வரும். வரவேண்டும், அவ்வளவுதான்!

எங்கள் அத்தை, அதாவது மாமியார், கல்யாணமான புதிதில் 12 வருஷம் கொழும்பில் இருந்தவர்கள். மூட்டுவலியால் வாசற்படி தாண்ட முடியாத நிலை. "ஏளா, கண்ண மூடுறதுக்குள்ள அந்தக் காலிமுகக் கடற்கரைய ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்பார்கள். அதற்காகத்தான் சீட்டுப் பணத்தை எடுத்தோம்.

கடைக்காரர் 12 குச்சி ஏரியல், 40 அடிக் குழாய், பூஸ்டர் என்று அடுக்கினார். ரேடியோ ரிப்பேர் படித்த என் தம்பியை உட்காரவைத்து விவரம் கேட்டேன். குச்சி கூடினால் தூரத்து அலையை நன்றாக வாங்குமாம். ஆனால் அது பார்க்கும் திசை குறுகிவிடும், காற்றில் லேசாகத் திரும்பினாலும் படம் போய்விடும். பூஸ்டர் படத்தோடு புள்ளிகளையும் சேர்த்தே பெருக்கும். அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதைவிட மேலே ஏரியலை ஒட்டி மாட்டினால்தான் பிரயோசனம். 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால் பூஸ்டரைத் தவிர்க்க முடியவில்லை. குச்சி 8 போதும் என்று முடிவு பண்ணினேன்.

குழாய் விஷயத்தில்தான் வீட்டில் தகராறு. வயர் குறைவாகப் பிடிக்கும் என்று இவர் வாசல் பக்கத்து மூலையில் நிறுத்தச் சொன்னார். அந்த மூலையை ஒட்டித்தான் தெரு மின்கம்பி போகிறது. எங்களுக்கு 9 வயதில் ஒரு பையன். படம் ஆடினால் தட்டட்டிக்கு (மொட்டை மாடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஓடிப்போய்க் குழாயைத் திருப்புவது எங்கள் தெருவில் பையன்கள் வேலை.

"இங்க பாருங்க, குழாய் சாஞ்சா எங்க போய் விழும்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் கயிறு எடுத்துக்கொண்டு தாமே மேலே போய் அளந்தார். கிணற்றடிப் பக்கம், எப்படிச் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடத்தில், 40 அடியை 25-ஆகக் குறைத்து, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினோம். வயர் கூடுதலாக ஆனது, ஆகட்டும்.

எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அலுமினியக் குச்சிகள் தாக்குப்பிடித்தன. வயர் சேரும் திருகுதான் அடிக்கடி துருப்பிடித்தது. கிரீஸ் தடவி மூடினோம். ஐப்பசியில் வானம் கறுத்தாலே, இடி தொடங்குமுன் ஏரியல் வயரையும் பிளக்கையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவேன்.

காற்றில்லாத வெக்கையான மாலைகளில் படம் கண்ணாடி மாதிரி வரும். காற்றுக் காலத்தில் வெறும் புள்ளி மழை. சித்திரையில் ஒருநாள் காலிமுகத்திடலைக் காட்டினார்கள். அத்தை ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஜூலையில் கொழும்பில் தமிழர்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்திய செய்தி வந்தபிறகு, அவர்கள் பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. பையன் மட்டும் பார்ப்பான், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.