மண்ணைத் தொட்டால் மதிப்புக் குறையுமா?



நம் நாட்டுத் தமிழில் 'தோட்டம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வீட்டின் பின்புறம் நான்கு கத்தரிச் செடிகள் நிற்கும் இடமும் தோட்டம்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ரப்பரும் செம்பனையும் நிற்கும் இடமும் தோட்டம்தான். முதல் பொருளைச் சொல்லும்போது மாணவர்களின் முகம் மலர்கிறது. இரண்டாவது பொருளை நினைக்கும்போது பெற்றோர் சிலரின் முகம் வாடுகிறது. தமிழ்ப்பள்ளியில் மட்கு உரம் தயாரிக்கவும் காய்கறி பயிரிடவும் கற்றுக்கொடுக்க முனையும் ஆசிரியர் இவ்விரு முகங்களையும் சந்தித்தே ஆக வேண்டும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்று மலேசியாவில் இயங்கும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வாறு லயத்து வீடுகளின் அருகே பிறந்தவையே. நம் பள்ளிகளின் வேர் மண்ணில் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணிலிருந்து பிள்ளைகளைத் தூக்கி விடுவதற்காகவே பெற்றோர் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர் என்பதும் உண்மை. இந்த முரணை நாம் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் இம்முயற்சி உதிர்ந்த இலைகளிலிருந்து தொடங்கியது. திடலைச் சுற்றியுள்ள மரங்கள் நாள்தோறும் இலைகளை உதிர்க்கும். அவற்றைக் கூட்டி எரிக்கும் வழக்கம் பல இடங்களில் முன்பு இருந்தது. திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே இலைகள் நெகிழிப் பைகளில் அடைக்கப்பட்டுக் குப்பை வண்டிக்குப் போயின. சிற்றுண்டிச் சாலையிலிருந்து காய்கறித் தோலும் கீரைத் தண்டும் தனிப் பைகளில் போயின. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். "நாறும் டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

நாறாமல் செய்வது எப்படி என்பதே பாடமாயிற்று.

பழைய பலகைகளைக் கொண்டு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டி ஒன்றை அமைத்தோம். அதைவிடச் சிறிய குவியலில் வெப்பம் தங்குவதில்லை. அடியில் சிறு கிளைகள், அதன் மேல் காய்ந்த இலைகள், அதன் மேல் பச்சைக் கழிவு, மீண்டும் காய்ந்த இலைகள் என அடுக்கினோம். காய்ந்த பொருளில் கரிமம் மிகுதி. பச்சைப் பொருளில் நைட்ரஜன் மிகுதி. நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்ய, முப்பது பங்கு கரிமத்திற்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவு ஏற்றது. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது, "ஒரு வாளி பச்சைக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை" என்றாலே போதும். ஈரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் கருவி தேவையில்லை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து வைத்த பஞ்சைப் போல் ஈரமாக இருக்க வேண்டும். நீர் ஒழுகக் கூடாது.

நான்காம் நாள் குவியலின் நடுவில் வெப்பமானியைச் செருகினோம். 54 பாகை செல்சியஸ் காட்டியது. அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சூடு? நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடநூலில் படித்துப் படம் வரைந்த மாணவர்கள், அவை உண்டு, மூச்சுவிட்டு, வெப்பத்தை வெளியிடுவதை அன்றுதான் தங்கள் உள்ளங்கையில் உணர்ந்தார்கள்.

மூன்றாம் வாரம் பெருமழை பெய்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாயைக் காற்று தூக்கிச் சென்றது. குவியல் நனைந்து, அழுகிய முட்டையைப் போல் நாறத் தொடங்கியது. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று சிலர் மூக்கைப் பிடித்தனர். காற்று புகாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுவதால்தான் அந்த நாற்றம் வருகிறது என்று விளக்கினேன். மாணவர்கள் காய்ந்த இலைகளைச் சேர்த்துக் கிளறிவிட்டனர். இரண்டு மூன்று நாள்களில் நாற்றம் அகன்றது. அதற்குப் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளறும் பொறுப்பை அவர்களே முறைவைத்து ஏற்றுக்கொண்டனர். பத்து வாரங்களில் பெட்டியில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கி, கறுத்து, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உரம் கிடைத்தது.

அந்த உரத்தை மண்ணில் கலந்து கங்குங்கீரை, வெண்டை, நீளப் பயற்றங்காய் ஆகியவற்றைப் பயிரிட்டோம். கங்குங்கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். பொறுமை குறைந்த வயதினருக்கு அதுவே முதல் பயிராக இருப்பது நலம். சமையலில் தள்ளிவிடும் கணுவுள்ள தண்டை நட்டாலே அது துளிர்க்கும்.

இந்த வேலையில் மற்றப் பாடங்கள் கெட்டுப்போகின்றன என்பார்கள். நான் கண்டது வேறு. நாளொன்றுக்கு நான்கு கிலோ கழிவு என்றால் ஐந்து நாளில் எவ்வளவு என்பது கணிதம். செடியின் உயரத்தை வாரந்தோறும் அளந்து பட்டைக் குறிவரைவு வரைவதும் கணிதமே. திருக்குறளில் உழவு அதிகாரம் படிக்கும்போது, உழுவதைக் காட்டிலும் உரமிடுவதை வள்ளுவர் உயர்வாகச் சொல்வது ஏன் என்று கேட்டால், முன்பு உரைநூலைப் புரட்டியவர்கள் இப்போது தங்கள் பாத்தியைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள்.

பெற்றோரின் அச்சங்களுள் நியாயமானவை உண்டு. டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் விளையாட்டன்று. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே பூந்தொட்டித் தட்டு, வாளி, தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றில் நீர் தேங்கியிருக்கிறதா என்று வாரம் இருமுறை பார்ப்பது ஒரு குழுவின் கட்டாயக் கடமை. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், மிஞ்சிய குழம்பு எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. அவை எலிகளை அழைக்கும், எலிச் சிறுநீரால் நோய் பரவும். கையுறையும் காலணியும் அணிந்தே மாணவர்கள் வேலை செய்கிறார்கள். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுகிறார்கள்.

ஆனால் சட்டமும் சவர்க்காரமும் தீர்க்க முடியாத ஒரு மனக்குறை உண்டு. ஒரு நாள் மாணவன் ஒருவனின் தந்தை என்னைக் காண வந்தார். "டீச்சர், என் அப்பா பால்மரம் வெட்டினார். நான் பள்ளி விடுமுறையில் மங்கு துடைத்தேன். என் மகனும் மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கு வருகிறான்?" என்றார். குரலில் கோபத்தைவிட வலியே மிகுதியாக இருந்தது.

"ஐயா, உங்கள் தந்தையார் உழைத்த மண் அவருடையதன்று. வைத்த மரமும் வடித்த பாலும் அவருடையவையல்ல. வேலையைவிட்டு நின்றால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டிய நிலை. அவரைத் தாழ்த்தியது அந்த நிலைமை, மண்ணன்று. உங்கள் மகன் இங்கே யாருக்கும் கூலியாக நிற்கவில்லை. ஓர் உயிர் எப்படி வளர்கிறது என்று அளந்து, எழுதி, கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்கிறான்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி, சீருடை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவன் தன் பாட்டியை அழைத்து வந்தான். லயத்து வீட்டின் பின்னே பசு வளர்த்து, சாணமும் சாம்பலும் இட்டுக் கீரையும் முருங்கையும் பயிரிட்டவர் அவர். எங்கள் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாழைத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி இடையிடையே போடச் சொன்னார். வெயில் காலத்தில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். பள்ளியில் எழுத்துக் கற்காத ஒருவர், ஒரு வகுப்புக்கே ஆசிரியராக நின்றார். அந்த மாணவன் 'என் பாட்டியின் தோட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதினான். பிழைகள் இருந்தன, ஆனால் மனனம் செய்த ஒரு வரிகூட அதில் இல்லை.

தந்தை தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தம் தாயைக் காரில் கொண்டுவந்து விட்டு, பள்ளி வாசலில் காத்திருக்கிறார்.

மலேசியாவில் பல மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்டது. பிரிக்கும் பழக்கத்தைச் சட்டம் கோரலாம். பிரித்த பொருள் என்னவாகிறது என்ற அறிவைப் பள்ளிதான் தர முடியும்.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். ஒரு பெட்டி, இரண்டு பாத்தி என்று சிறிதாகத் தொடங்குங்கள். பெட்டிக்கு முதலில் நிலையான கூரை போடுங்கள். பள்ளி விடுமுறையில் நீர் ஊற்றப் போகிறவர் யார் என்பதை விதைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மாணவர்களின் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அழைப்புக் கடிதம் அனுப்புங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று சமைக்கும்போது நறுக்கிய காய்கறித் தோலை மட்டும் மூடியுள்ள ஒரு டப்பாவில் தனியே எடுத்து வையுங்கள். அதை என்ன செய்வது என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். எங்கள் மாணவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.