ஒரு மேசையும் நாலு கதிரையும்

எங்களில் கடைசி ஆளுக்கும் போன வருசம் 21 முடிஞ்சது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் 21 வயசுக்குக் குறைஞ்ச யாருக்கும் மதுபானம் விற்கக்கூடாது. ஆக, நாங்கள் நாலு பேரும் இப்ப சட்டம் ஒப்புக்கொள்ளும் பெரிய ஆக்கள். ஹெந்தளையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் கம்பசுக்குப் போய் வாறவர்கள். ரெண்டு ஆண்கள், ரெண்டு பெண்கள். எங்கட ஆசையும் பெரிசில்லை. ஊரிலேயே எங்கயாவது இருந்து, ஆளுக்கொரு பியர், நடுவில் ஒரு தட்டுப் பொரிச்ச மீன், ரெண்டு மணித்தியாலம் கதை. அவ்வளவுதான்.

அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை.

முதலில் போனது ஒரு வைன் ஸ்டோருக்கு. உங்களுக்கும் அந்தக் காட்சி தெரியும். முன்னுக்குக் கம்பி வலை, அதில் கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. காசு உள்ளே போகும், பேப்பரில் சுற்றின போத்தல் வெளியே வரும். வாங்கின ஆக்கள் பக்கத்து மதிலோரம் நின்றபடியே கால் போத்தலை ரெண்டு மூன்று மடக்கில் முடிச்சிட்டு, வாயைத் துடைச்சுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடப்பார்கள். எங்களில் ஒருத்தி வரிசையில் போய் நின்றாள். உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, கூட வந்த தம்பியைக் கூப்பிடுங்க. உங்களுக்குத் தர ஏலாது."

அடுத்தது கடற்கரைப் பக்கத்து நட்சத்திர ஹோட்டல். அங்கே பெண்கள் இருந்து குடிப்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் விலைப் பட்டியலைப் பார்த்ததும் நாங்களே எழும்பி வந்திட்டம்.

கடைசியில் ஹமில்டன் கால்வாய்க் கரை. ஒரு போத்தல் லயன் ஸ்டவுட், ஒரு பைக்கெற் மரவள்ளிப் பொரியல். லைற் அடிச்சுக்கொண்டு ஒவ்வொரு வாகனம் வரும்போதும் போத்தலை பேக்குக்குள் ஒளிச்சம். ஸ்டவுட் கசப்பாக இருந்தது. மற்றபடி ருசி ஞாபகம் இல்லை. நேரம் முழுக்க றோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தம்.

கொஞ்ச நாளில் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதின ஒரு சின்னக் கட்டுரை எங்கட கையில் கிடைச்சது. 'தி மூன் அண்டர் வோட்டர்'. 1946 பெப்ரவரியில் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் வந்தது. தனக்குப் பிடிச்ச பப் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆக்கள் பேசக்கூடிய அமைதி இருக்கும், வானொலி இருக்காது. வேலை செய்யிற பெண்களுக்கு வாடிக்கையாளர்களை நல்லாத் தெரியும். கடிச்சுக்கொள்ள ஏதாவது எப்பவும் கிடைக்கும். பின்பக்கம் ஒரு தோட்டம். கடைசியில், அப்படி ஒரு பப்பே இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

எங்களைப் பிடிச்சு நிறுத்தினது அந்தத் தோட்டம். அது இருப்பதால் குடும்பம் முழுக்க வரலாம். அம்மா பிள்ளையோடு வீட்டில் கிடக்க, அப்பா மட்டும் தனியாகக் கிளம்பத் தேவையில்லை. பிள்ளைகளையும், ஒரு அளவுக்குப் பெண்களையும் வெளியே வைச்சதால்தான் பப் என்பது வெறும் குடிக்கிற கடையாகிப் போச்சு என்பது ஓர்வெலின் எண்ணம். ஹெந்தளைக் கம்பி வலைக்கு முன்னால் நின்ற எங்களுக்கு அதை வேறு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

வெள்ளைக்காரன் இங்கே பியர் கொண்டு வந்தான், பப்பை ஏன் கொண்டு வரவில்லை? கொண்டு வந்தான்தான், ஆனால் ரெண்டாக உடைச்சு. கதிரை, மேசை, கணப்பு, பியர் எல்லாம் மலைநாட்டில் துரைமாருக்கான கிளப்புகளுக்குப் போனது. நுவரெலியாவில் 1876இல் தொடங்கின ஹில் கிளப் அப்படி ஒன்று. மற்றவர்களுக்குக் கிடைச்சது தவறணை. போத்துக்கேயர் விட்டுப்போன சொல்லு அது. ஆங்கிலத்தில் 'டாவர்ன்' என்பதற்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். ஒரு பகுதியில் சாராயம் விற்கிற உரிமையை அரசாங்கம் ஏலம் விடும். கூடின விலை கேட்டவருக்குக் குத்தகை. அந்தக் குத்தகைப் பணத்தில் எப்படி ஒரு பணக்கார வர்க்கமே எழும்பினது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 'நோபடிஸ் டு சம்பொடிஸ்' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ஏலத்தில் போட்ட காசை எடுக்க நினைக்கிறவர் வாங்கு போடுவாரா, மீன் பொரிச்சு வைப்பாரா? வந்தவன் கெதியாகக் குடிச்சிட்டு அடுத்தவனுக்கு இடம் விட்டால்தான் லாபம். கம்பி வலை பிறகு வந்திருக்கலாம். அந்தக் கணக்கு அப்பவே வந்திட்டுது.

அந்த உடைவு இன்னும் ஒட்டவில்லை. ஹெந்தளையில் கடற்கரை ஹோட்டல் ஒரு பாதி, வைன் ஸ்டோர் மற்றப் பாதி.

பெண்கள் விசயம் சட்டத்திலேயே இருந்தது. தவறணைக்குள் பெண்ணுக்கு மதுபானம் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று 1979இல் மதுவரிச் சட்டத்தின் கீழ் ஒரு அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே அந்த மாற்றத்தை மீளப்பெறச் சொல்லி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவு போட்டார். எங்கட கம்பஸ் பெடியளில் கனபேர் அப்ப ஜனாதிபதி பக்கம்தான் கதைப்பார்கள். "பெண்கள் குடிச்சுப் பழுதாப் போகக்கூடாது" என்ற அக்கறையாம். ஆண்கள் மதிலோரம் நின்று பழுதாகிறதில் அவ்வளவு அக்கறையைக் காணவில்லை.

இந்த இடத்தில் எங்கட வீட்டுக் கதை ஒன்றும் சொல்லவேணும். எங்களில் ஒருத்தியின் அப்பா ஈரலில் வருத்தம் வந்து செத்தவர். ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வரும் வழியில், வெறும் வயிற்றில், நின்றபடியே ஒரு கால். ஆக்கள் பார்க்க முதல் முடிக்கவேணும் என்ற அவசரம். வீட்டுக்குள் வரும்போது கதைக்கவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். போய்ப் படுத்திடுவார். நாங்கள் இந்தக் கட்டுரைக்காகக் கதைச்சுக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அவளின் அம்மா, பாத்திரம் கழுவினபடியே சொன்னார்: "அந்த மனிசன் எனக்கு முன்னால இருந்து குடிச்சிருந்தா, நான் ரெண்டு முட்டையாவது பொரிச்சுக் குடுத்திருப்பன். ரெண்டாவதை ஊத்தேக்குள்ள கையப் பிடிச்சிருப்பன். எங்க நிண்டு குடிச்சார் எண்டே எனக்குத் தெரியாதே பிள்ளை." அதுக்குப் பிறகு எங்களில் யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

ஒரு கதிரை இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சாராயம் சாராயம்தான். கதிரையில் இருந்து குடிச்சும் ஈரல் போகும். ஆனால் ஒளிச்சுக் குடிக்கிறவனுக்குப் பக்கத்தில் "போதும்" என்று சொல்ல ஆள் இருக்காது. அது மட்டும் நிச்சயம்.

எங்களில் ஒருவனின் அம்மப்பா யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குக் கள்ளென்றால் பனையோலைப் பிளாவில் குடிக்கவேணும். குடிச்சு முடிய எறிஞ்சிடலாம், கழுவுகிற வேலை இல்லை என்று சிரிப்பார். அதே யாழ்ப்பாணத்தில்தான் மரமேறிக் கள் இறக்கினவர்கள் தேநீர்க் கடைக்குள் எல்லாரோடும் சமமாக இருந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிக்க ஏலாமல் இருந்தது. அவர்கள் இறக்கின கள்ளைக் குடிக்கிற வாய்க்கு, அவர்கள் குடிச்ச கிளாஸ் ஆகாது. 1957இலேயே அதுக்கு எதிராகச் சட்டம் வந்திட்டுது. சட்டம் வந்தும் கடைக் கதவு திறக்கவில்லை. 1960களின் கடைசியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று தேநீர்க் கடைகளுக்குள் போய் இருந்து போராடவேண்டி வந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், ஓர்வெல் ஆசைப்பட்ட பப்புகளின் நாட்டிலேயே, ஸ்மெதிக் என்ற ஊரில் வெள்ளையர் அல்லாதவர்களைச் சில பப்புகள் எல்லா அறைக்குள்ளும் விடவில்லை. 1965 பெப்ரவரி 12ஆம் திகதி மல்கம் எக்ஸ் அந்த ஊருக்குப் போய், புளூ கேட்ஸ் என்ற பப்பில் அதைத் தானே நேரில் பார்த்தார். ஒன்பது நாளில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த வருசக் கடைசியில் பொது இடங்களில் நிறம் பார்க்கிறதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. இன்றைக்கு அந்தப் பக்கத்துப் பப்புகள் பலதை நடத்துகிறவர்கள் இந்திய வம்சாவளி ஆக்கள். பியரோடு தந்தூரி இறைச்சித் தட்டும் கிடைக்குமாம்.

எங்கட ஊருக்கும் ஒரு பழைய அடையாளம் இருக்கு. ஒல்லாந்தர் 1708இல் கட்டின தொழுநோய் ஆஸ்பத்திரி. ஆக்களை ஒதுக்கி வைக்கக் கட்டின இடத்தால் பேர் எடுத்த ஊர் எங்கட ஊர். ஆக்களை ஒன்றாக இருத்தி வைக்கவும் ஒரு இடம் இருக்கட்டுமே என்றுதான் கேட்கிறம்.

"நாடு இருக்கிற நிலையில இன்னொரு பார் தேவையா?" என்று கேட்பீர்கள். தேவையில்லை. இருக்கிறதில் ஒன்றின் கம்பி வலையைக் கழட்டினால் போதும்.

ஓர்வெல் மாதிரி எங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கு. முதுகு சாயிற கதிரை. ஆளின் முகம் தெரியிற வெளிச்சம். சுடச்சுடச் சாப்பாடு: பொரிச்ச சூடை மீன், தாளிச்ச கடலை, இறால் வடை, மாங்காய் அச்சாறு, கடைசியில் சோறு. அதை எங்கட ஒழுங்கை அக்காமார் சமைச்சு, அந்தக் காசு அவர்களின் கைக்கே போகவேணும். சிங்களத்திலும் தமிழிலும் எழுதின விலைப் பட்டியல். பெண்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை. இதைச் சின்ன விசயம் என்று நினைக்கிறவர் கட்டாயம் ஆணாகத்தான் இருப்பார். ஸ்டவுட் கேட்டாலும் ஜிஞ்சர் பியர் கேட்டாலும் ஒரே மாதிரிக் கொண்டு வந்து வைக்கிற ஆள். மூன்றாவதைக் கேட்கும்போது, "காணும் தம்பி, சாப்பிட்டிட்டுப் போங்க" என்று சொல்கிறவரும் அதே ஆளாக இருக்கவேணும்.

இப்ப நாங்கள் பின்னேரத்தில் கூடுகிறது சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில். நாலு பிளேன் ரீ, ஒரு தட்டுக் கடலை. முதல் கிழமை நின்றுதான் குடிச்சம். ரெண்டாவது கிழமை கடைக்கார அக்கா உள்ளே போய், வீட்டிலிருந்து ஒரு வாங்கை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். "பொம்பளப் பிள்ளையள் நிண்டுகொண்டே குடிக்கிறது பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு, இருங்கோ" என்றார். எட்டு மணி வரைக்கும் எழும்பச் சொல்கிறதில்லை.

எங்கட பட்டியலில் பாதிக்கு மேல் அந்தக் கடையில் இருக்கு. பியர்தான் இல்லை. அதுக்கு இன்னும் கால்வாய்க் கரைக்குத்தான் போகவேணும். போன கிழமை அந்தப் பிள்ளையின் அம்மாவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனம். வந்து இருந்தார், தேத்தண்ணி குடிச்சார், சுத்திவரப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார்: "இப்பிடி ஒரு இடம் அப்ப இருந்திருந்தா, நானும் வந்திருப்பன்."