பத்து ஆட்டங்களும் ஒரு கணக்குப் பரீட்சையும்



போன வருடம் இதே பங்குனியில், ஆர்சனலுக்குத்தான் கோப்பை என்று இங்கே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு, ஏப்ரலில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்டன் என்று வரிசையாக மூன்று டிரா. அடுத்து மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 என்று உதை. கடைசியில் 5 புள்ளி குறைந்து இரண்டாமிடம். அதனால் இந்த 2024 மார்ச்சில் நிதானமாகவே எழுதுகிறேன்.

பிரீமியர் லீக்கில் 28 ஆட்டம் முடிந்து ஆர்சனல் 64, லிவர்பூல் 64, சிட்டி 63. கோல் வித்தியாசத்தில்தான் ஆர்சனல் மேலே நிற்கிறது. மூன்று பேருக்கும் மிச்சம் பத்து ஆட்டம்.

ஆர்சனல் இந்தப் புத்தாண்டுக்குப் பிறகு லீக்கில் ஆடிய 8 ஆட்டமும் வெற்றி. போட்டது 33 கோல், வாங்கியது 4. போன வருடம் சலிபா முதுகு வலியில் உட்கார்ந்ததும் பின்வரிசை ஆட்டம் கண்டது. இப்போது அவனும் கேப்ரியேலும் சேர்ந்தே நிற்கிறார்கள், முன்னால் டெக்லன் ரைஸ். அணி பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரும் 31ஆம் தேதி சிட்டியின் மைதானத்துக்குப் போக வேண்டும். 2015 ஜனவரிக்குப் பிறகு லீக் ஆட்டத்தில் அங்கே ஆர்சனல் ஜெயித்ததே இல்லை.

லிவர்பூலுக்கு இது பிரிவு உபசார வருடம். சீசன் முடிந்ததும் கிளம்புகிறேன் என்று க்ளோப் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் ஓய்வு பெறும் வருடம் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்வோம், நடுவில் யாராவது அழுதுவிடுவோம். போன ஞாயிறு எஃப்.ஏ. கோப்பையில் கூடுதல் நேரம் வரை ஓடி மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-3 என்று தோற்றார்களே, கால்கள் களைத்தது கண்ணுக்கே தெரிந்தது.

சிட்டியோ முழுப் பரீட்சைக்கென்றே பிறந்த பிள்ளை. 2018-19 சீசனில் கடைசி 14 ஆட்டத்தையும் ஜெயித்து 98 புள்ளி எடுத்தார்கள். 97 எடுத்த லிவர்பூல் இரண்டாமிடம்! அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது எனக்கு. டி ப்ரூயினாவும் காயம் ஆறித் திரும்பிவிட்டார். மனசு ஆர்சனல் பக்கம்தான். மார்க் போடச் சொன்னால் சிட்டிக்குத்தான் போடுவேன்.

கீழே பார்த்தால் இன்னும் வேதனை. செலவு விதியை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 10 புள்ளி குறைத்து, அப்பீலில் 6 ஆக்கினார்கள். இந்தத் திங்கட்கிழமை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 போயிற்று. தப்புக்குத் தண்டனை சரிதான். ஆனால் வருடம் முடியும் நேரத்தில் பதிவேட்டைத் திருத்தினால் மற்ற பிள்ளைகள் எதை நம்பிப் படிப்பது? இதனால் லூட்டன் 22 புள்ளியோடு, 21 உள்ள ஃபாரஸ்டுக்கு ஒரு படி மேலே ஏறிவிட்டது. பத்து வருடம் முன்பு ஐந்தாம் பிரிவில் கிடந்த அணி. வெளியூர் ரசிகர்கள் குடியிருப்பு வீடுகளுக்கு அடியில் நுழைந்துதான் மைதானத்துக்குள் போக வேண்டும். கேப்டன் லாக்கியர் டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்து பிழைத்தார். அடுத்த நான்கில் மூன்று ஆட்டம் ஸ்பர்ஸ், ஆர்சனல், சிட்டி ஊர்களில். தப்பிக்காது என்றுதான் தோன்றுகிறது. எழுதக் கை வரவில்லை.

இப்போது என் வீட்டுப் பிரச்சினை. சிட்டி-ஆர்சனல் ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு 9 மணிக்கு. மறுநாள் காலை பேரனுக்குப் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை. எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். "ஆச்சி, முதல் பாதி மட்டும்" என்று நேற்று கெஞ்சினான். முப்பது வருடம் பிள்ளைகளை டிவியை அணைக்கச் சொன்னவள் நான். எட்டரைக்குள் வடிவியல் முழுக்கப் போட்டுக் காட்டு, பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

என் மகள் இந்தப் பதிவைப் படிப்பாள். படிக்கட்டும்.