பாசியும் பாச்சியும்

ஹைதராபாத்தின் தார்நாக்காவில், இரண்டாம் மாடியில், வடக்கு நோக்கிய ஒற்றைச் சாளரம் கொண்ட ஓர் அறை. சாளரத்துக்கு மூன்றடி அப்பால் அடுத்த கட்டடத்தின் சுவர். பகல் பதினொரு மணிக்கும் விளக்கின்றிப் படிக்க இயலாது. வரலாற்று ஆய்வு மாணவி ஒருத்தி, ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்த இரண்டாம் மாதத்தில், இரண்டடி நீள மீன்தொட்டி ஒன்றை அந்த அறைக்கு வாங்கி வந்தாள். ஊர் திரும்பும் தோழி பாதி விலைக்குக் கொடுத்தது. ஆய்வேட்டின் நான்காம் இயல் அப்போது ஏழு மாதங்களாக அசையாமல் கிடந்தது. அறையில் ஏதேனும் ஒன்று வளரட்டும் என்பதே அவளது எண்ணம்.

முதலில் வாங்கியவை எல்லாம் கண்ணைக் கவர்ந்தவை: செந்நிற இலைச் செடிகள், தரைவிரிப்பைப் போலப் படரும் சிறு புல்வகை. மூன்று வாரங்களில் செந்நிறம் வெளுத்தது, தண்டுகள் அடியிலிருந்து அழுகின, புல் கரைந்தது. வெளிச்சம் போதவில்லை என்று கருதி விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரமாக்கினாள். அதே வாரங்களில் எழுதும் மேசையிலும் அவள் அதையே செய்துகொண்டிருந்தாள். செடிகள் பிழைக்கவில்லை. கண்ணாடியிலும் கூழாங்கற்களிலும் பச்சைப் படலம் ஏறியது. அழுகிய இலைகள் நீரில் அம்மோனியாவைக் கூட்டின. இரண்டு மீன்கள் இறந்தன. வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா தொட்டியைப் பார்த்து, பாச்சி பட்டிந்தி என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லில் சற்றே நிற்கலாம். தமிழின் 'பாசி'யும் தெலுங்கின் 'பாச்சி'யும் ஒரே வேரில் கிளைத்தவை. பசுமை, பச்சை, பாசிப்பயறு ஆகியவற்றிலும் உள்ள வேர் அது. தமிழில் பாசி நீரின் பசுமை. தெலுங்கில் அது நீர்ப்பாசியையும் குறிக்கும். முந்தைய நாளின் மிச்சத்தையும், துலக்காத பல்லையும் குறிக்கும். ஒரு மொழி நிறத்தோடு நின்றுகொண்டது; மற்றொன்று தேக்கத்தையும் பழமையையும் சேர்த்துக்கொண்டது. எனினும் இரண்டு மொழிகளும் ஒன்றில் உடன்படுகின்றன: நீருக்குள் பச்சையாக இருப்பவற்றை அவை பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேரும் இலையும் உள்ள செடியையும், வேரற்ற பச்சைப் படலத்தையும் நம் பேச்சுவழக்கு ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. மீன்தொட்டி வைப்பவர் முதலில் கற்கவேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். ஏனெனில் அவை இரண்டும் ஒரே வெளிச்சத்துக்கும் ஒரே ஊட்டத்துக்கும் போட்டியிடுபவை.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் ஒளி ஈடுநிலை உண்டு. ஒளிச்சேர்க்கையில் ஈட்டுவதும் சுவாசத்தில் செலவிடுவதும் சமமாகும் ஒளியளவு அது. அதற்குக் கீழே செடி தன் சேமிப்பைத் தின்று தேய்கிறது. வெயிலில் வளரும் இனங்களுக்கு அந்த அளவு உயர்ந்தது. நிழலில் வளர்பவற்றுக்கு மிகத் தாழ்ந்தது. நிழற்செடியின் செலவு சிறிது, அதனால் வரவும் சிறிதே போதும். அதற்கு அது கொடுக்கும் விலை மெதுவான வளர்ச்சி. மாதத்துக்கு ஓரிரண்டு இலைகள்தாம். இத்தகைய செடியின்மீது பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சத்தைக் கொட்டினால், மிகுதியை அது பயன்படுத்துவதில்லை, பாசி பயன்படுத்திக்கொள்கிறது. எனவே 'குறைந்த வெளிச்சம் போதும்' என்னும் கடைக்காரரின் வாக்கியம் செடியின் இயல்பைச் சொல்வதோடு முடிவதில்லை. வைத்திருப்பவர் கைகட்டி இருக்கவேண்டும் என்பதையும் சொல்கிறது.

இரண்டாம் முறை அவள் நிறத்தைப் பார்த்து வாங்கவில்லை. தன் அறையைப் பார்த்து வாங்கினாள். முதலாவது, கடைகளில் நானா எனப்படும் அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளின் நிழலில் வளர்வது. தடித்த, கரும்பச்சை இலைகள் கொண்டது. இரண்டாவது, ஜாவா பெரணி. இவ்விரண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது. இவற்றின் மட்டத்தண்டு மணலுக்குள் மூடப்பட்டால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டிவிட்டால், நூல் இற்றுப்போகும் முன் வேர் பற்றிக்கொள்ளும். பெரணியின் இலையடியில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால் நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் வித்துத்திரள்கள். முதிர்ந்த இலையின்மீதே குட்டிச்செடிகளும் முளைக்கும்.

மூன்றாவது, கிரிப்டோகொரைன் வென்டி. இது அயல்நாட்டுச் செடி என்றே விற்கப்படுகிறது. அந்த அயல்நாடு இலங்கை. அத்தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் இந்த இனத்தை டச்சுத் தாவரவியலாளர் தெ விட் 1958இல் விவரித்து, ஆல்பர்ட் வென்ட் என்னும் ஜெர்மானிய மீன்தொட்டி ஆர்வலரின் பெயரை இட்டார். இதன் உறவினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளிலும் உண்டு. நம் ஓடைச் செடி ஐரோப்பியப் பெயர் பூண்டு நம்மிடமே விலைக்கு வருகிறது.

நீரும் ஒரு தேர்வுதான். தக்காணத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் மென்னீர் விரும்பும் செடிகள் திணறும், வாலிஸ்னேரியா திணறாது. நாடாவைப் போன்ற இலைகளை உடைய அது, கடினநீரில் மிகுந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே தனக்கான கரியைப் பெறவல்லது. அறையின் இருளைச் செடிக்கேற்ப மாற்ற இயலாததைப் போலவே, குழாயில் வருவதையும் மாற்ற இயலாது. அதனால் தொட்டியின் மூலையில் நான்காவதாக அது இடம்பெற்றது. குளோரின் கலந்த குழாய்நீராயின் அதை நீக்கும் மருந்தைச் சேர்த்தபின் ஊற்றவேண்டும். மே மாதத்தில் மூடியைத் திறந்து ஒரு சிறு விசிறியை நீர்ப்பரப்பின்மீது வீசவிட்டால், ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை வெப்பம் தணியும்.

நட்ட பத்தாம் நாள் வென்டியின் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் மெலிந்து கரையத் தொடங்கின. பதினைந்தாம் நாள் மணலுக்கு மேலே எதுவும் இல்லை. அன்று மாலை அவள் அதைப் பிடுங்கி, மீன்கடையின் முதிய உரிமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தக்கனி உருதுவில், வேர் வெள்ளையாக இருக்கிறது பேட்டி, திரும்ப நட்டுவிட்டு இரண்டு மாதம் தொடாதீர்கள் என்றார். பண்ணைகளில் இச்செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு மேலே, காற்றில் வளர்க்கிறார்கள். நீருக்குள் மூழ்கியதும் காற்றுக்கென உருவான இலைகள் பயனற்றுப் போகின்றன. செடி அவற்றைக் கைவிட்டு, வேரின் சேமிப்பிலிருந்து நீருக்கான இலைகளைப் புதிதாக உருவாக்குகிறது. இடம் பெயர்ந்ததற்கான செலவு அது. தொடக்கநிலையாளர் பலர் இந்தக் கட்டத்தில்தான் உயிருள்ள வேரைக் குப்பையில் எறிகிறார்கள்.

குப்பையில் எறிந்தால் இழப்பு ஒருவருக்கு. ஏரியில் எறிந்தால் ஊருக்கு. ஹைதராபாத் ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையைத் தெலுங்கில் குர்ரபு டெக்க, அதாவது குதிரைக் குளம்பு என்பார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாகவே வங்கத்துக்கு வந்தது. எதிர்த்திசைப் பயணமும் உண்டு: நம் குளங்களில் இயல்பாக வளரும் ஹைட்ரில்லா 1950களில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே நீர்நிலைகளை அடைக்கும் களையாயிற்று. கத்தரித்த துண்டுகளை வெயிலில் உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

விளக்கு இப்போது ஆறு மணி நேரம் மட்டுமே எரிகிறது. சாவிக்கடிகாரம் அதை அணைத்துவிடுகிறது, அவள் கை போகாதிருக்க. ஏழாம் வாரத்தில் மணலிலிருந்து பழுப்பும் பச்சையும் கலந்த ஓர் இலை சுருள் விரித்தது. நான்காம் இயல் இன்னும் முடியவில்லை. ஆனால் அவளும் இரவு பத்து மணிக்கு மேசை விளக்கை அணைத்துவிடுகிறாள்.

சென்ற மாதம் வாடகைக்கு வந்த வீட்டுக்கார அம்மா தொட்டியருகே குனிந்து அனுபியாஸைச் சற்று நேரம் பார்த்தார். இந்த முறை பாச்சி என்று சொல்லவில்லை. சேம இலைபோல இருக்கிறதே என்றார். தெலுங்கின் 'சேம' நம் சேம்புதான். அவர் சொன்னது சரி: அனுபியாஸும் வென்டியும் கிணற்றடி நிழலில் வளரும் அந்தச் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.