உப்பனாற்றங்கரையில் ஒரு மாலை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கண்ணைக் காட்டிலும் மூக்கு நல்ல வழிகாட்டி என்று நண்பர் ஒருவர் சொன்னதுண்டு. விளையாட்டாகச் சொல்கிறார் என்றே எண்ணியிருந்தேன். முதுநகரின் கருவாட்டு மணத்தை விட்டு பஸ் சற்றுத் தூரம் சென்றதும், அழுகிய கோஸும் வார்னிஷும் கலந்தாற்போல் ஒரு நெடி உள்ளே புகுந்தது. பக்கத்திலிருந்தவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "சிப்காட் வந்துவிட்டது" என்றார்.

1980-களில் எழுந்த தொழிற்பேட்டை அது. மருந்து, சாயம், பூச்சிகொல்லி முதலானவற்றின் ஆலைகளுக்கு இடமளித்தது. அதைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஆகியவையோ அதற்கு வெகு காலம் முந்திய ஊர்கள். மருந்தும் சாயமும் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் உடுத்தியிருந்த சட்டையே சாயச் சட்டைதான்.

பள்ளிக்கூடத்தில் இரும்பு சல்பைடின்மேல் நீர்த்த அமிலத்தை விட்டு ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்துக் காட்டுவேன். "அழுகிய முட்டை நாற்றம்" என்று பிள்ளைகள் எழுதி மதிப்பெண் பெறுவார்கள். காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மூக்கு இதைக் கண்டுகொள்ளும். சமையல் வாயுவில் கசிவை அறிவிக்கச் சேர்க்கும் மெர்காப்டனோ இன்னும் பொல்லாதது. விபரீதம் என்னவென்றால், ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிட்டதென்று மனிதன் மகிழும் அந்த நேரமே பேரபாயமான நேரம்.

இரவில்தான் தொல்லை அதிகம் என்றார்கள் ஊரார். அது வியப்பன்று. பகலில் சூடேறிய நிலம் காற்றை மேலே தள்ளிக் கலக்கிவிடுகிறது. இரவில் தரையையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்பதால் நெடி கலையாமல் தாழவே தங்குகிறது. பகலில் பரிசோதிக்க வருகிறவருக்கு ராத்திரி நாற்றத்தை எப்படிக் காட்டுவது?

இதற்கு இவ்வூர்க்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த நாள், எந்த மணி, காற்று எந்தத் திசை, என்ன நாற்றம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் விசேஷப் பை ஒன்றை வைத்து, சிறு பம்பினால் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது அறிக்கை, காற்றில் 22 ரசாயனங்கள் இருந்ததாகவும், அவற்றுள் எட்டு புற்றுநோய் விளைப்பவை என்றும் கூறிற்று. வாளியைக் கண்டு நகைக்க அப்புறம் யாருக்குத் துணிவு வரும்!

பரிகாரம் இல்லாமலில்லை. கொப்பரைகளுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் மூடியிட்டு, எழும் ஆவியைக் குழாயில் சேர்த்து, காஸ்டிக் சோடாக் கரைசல் பொழியும் கோபுரத்தின் வழியே செலுத்தினால் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்து தங்கிவிடும். கரைப்பான்களின் ஆவியைக் கரியில் பிடிக்கலாம், அல்லது எரிக்கலாம். ஆனால் கரைசலை அடிக்கடி மாற்றவேண்டும். பம்பு இரவும் பகலும் ஓடவேண்டும். புகைபோக்கியை மட்டும் உயர்த்துவது, நாற்றத்தை அடுத்த ஊருக்குத் தபாலில் அனுப்புவதற்கே ஒப்பாகும்.

திரும்பும் பஸ்ஸுக்காக டீக்கடையில் காத்திருந்தபோது, கைக்குட்டையை மூக்கினின்றும் எடுக்காத என்னை ஒரு பாட்டி உற்றுப் பார்த்தாள்.

"வெளியூரா, ஐயா? இன்னைக்குக் காத்து நல்ல காத்தாச்சே!" என்றாள்.